உஸ்மானியா பல்கலைக்கழகம் நிற்கும் நிலம் ஒரு பாடகியின் ஜாகீர்: யார் இந்த மஹ் லகா பாய்?

ஹைதராபாத்தில் வேலை பார்க்கிறீர்களா? உப்பல் பக்கம் வீடு, ராய்துர்க் பக்கம் ஆபீஸ் என்றால், தினமும் மெட்ரோவின் நீலப் பாதையில்தான் போய்வருவீர்கள். ஹப்சிகுடா தாண்டியதும் தார்நாகா ஸ்டேஷன் வரும். அதை ஒட்டிய பெரிய வளாகம்தான் உஸ்மானியா பல்கலைக்கழகம். பக்கத்திலேயே ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம்.

இந்த இடத்தின் பழைய பெயர் அடிக்மெட். 200 வருஷத்துக்கு முன்னால் இது ஒரு பெண்ணின் ஜாகீர். அவர் ராணி இல்லை, இளவரசி இல்லை, எந்த நவாபின் மனைவியும் இல்லை. பாடி, ஆடி, கவிதை எழுதிச் சம்பாதித்தவர். பெயர் மஹ் லகா பாய் சந்தா. 1768-ல் பிறந்து 1824-ல் இறந்தவர்.

ஒரு பாடகிக்கு இவ்வளவு நிலம் எப்படி வந்தது? வந்ததை அவர் எப்படிக் காப்பாற்றினார்? அப்புறம் ஏன் நமக்கு அவர் பெயரே தெரியாமல் போனது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில், அமெரிக்காவிலிருந்து ஒரு சின்ன கதை

இது ஹைதராபாத் கதைதான். ஆனால் எதற்காக இதைச் சொல்கிறோம் என்பது புரிய, ஒரு நிமிஷம் நியூ ஜெர்சிக்குப் போய்விட்டு வரலாம்.

ராக் அண்ட் ரோல் சூடுபிடித்த காலம். 1957 வாக்கில் பசேயிக் என்ற ஊரில் ஒரே பள்ளியில் படித்த நான்கு கறுப்பினப் பெண்கள் சேர்ந்து பாட ஆரம்பித்தார்கள். குழுவின் பெயர் ஷிரெல்ஸ். 1961 ஜனவரியில் அவர்கள் பாட்டு பில்போர்டு பட்டியலில் முதல் இடத்துக்கு வந்தது. கறுப்பினப் பெண்கள் குழு ஒன்று அந்த இடத்துக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

பணம்? 21 வயது ஆகும்வரை சம்பாத்தியம் ஒரு அறக்கட்டளை நிதியில் பத்திரமாக இருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். வயது வந்ததும் கேட்டால், அப்படி ஒரு நிதியே இல்லை என்று தெரிந்தது. வழக்கு, எதிர் வழக்கு என்று போய், கடைசியில் சமரசத்தில் முடிந்தது.

அந்தக் காலத்துப் பெண்கள் குழுக்கள் பலவற்றின் கதை இதுதான். குரல் அவர்களுடையது. ஆனால் பாட்டின் உரிமை, பணம், சில சமயம் குழுவின் பெயர்கூட வேறு யாரோ ஒருவருடையது.

இப்போது 18-ஆம் நூற்றாண்டு ஹைதராபாத்துக்கு வாங்க. ரெக்கார்டு கம்பெனி இல்லை, ஒப்பந்தம் இல்லை, வக்கீல் இல்லை. அந்த ஊரில் ஒரு பாடகி தன் பெயரையும் பாட்டையும் வருமானத்தையும் தன் கையிலேயே வைத்திருந்தார்.

கைவிடப்பட்ட ஒரு குடும்பம்

சந்தாவின் கதை அவருடைய பாட்டியிடம் தொடங்குகிறது. குஜராத்தில் ஓரளவு வசதியாக இருந்த குடும்பம். கணவர் பணச் சிக்கலில் மாட்டி, மனைவியையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டுப் போய்விட்டார். போக்கிடம் இல்லாத அந்தத் தாயும் பெண்களும் ராஜஸ்தான் பக்கம் நகர்ந்தார்கள். அங்கே ஊர் ஊராகப் போய் ஆடிப் பாடும் கலைஞர் கூட்டம் ஒன்று அவர்களுக்கு இடம் கொடுத்தது. பெண்கள் பாட்டும் ஆட்டமும் கற்றுக்கொண்டார்கள். வயிற்றுப்பாட்டுக்காக மேடை ஏறிய சகோதரிகள் இவர்கள்.

அவர்களில் ஒருவர்தான் சந்தாவின் அம்மா, ராஜ் குன்வர். வடக்கிலிருந்து தக்காணம் நோக்கி நகர்ந்து, நிஜாமின் படையோடு சேர்ந்து பயணித்த கலைஞர்களோடு அவர் வந்தார். 1760-களில் நிஜாம் அலி கான் தலைநகரை ஔரங்காபாத்திலிருந்து ஹைதராபாத்துக்கு மாற்றினார். தலைநகர் மாறினால் பணம் மாறும், பணம் மாறினால் கலைஞர்களும் இடம் மாறுவார்கள். இன்றைக்கு ஐ.டி. கம்பெனிகள் போகும் திசையில் நாம் போகிற மாதிரிதான்.

அப்பா பகதூர் கான், முகலாய அரசில் பதவி வகித்தவர். ஆனால் சந்தாவை வளர்த்தது அம்மாவின் மூத்த மகளான மெஹ்தாப். குழந்தை இல்லாத மெஹ்தாப், நிஜாமின் திவானாக இருந்த ருக்ன் உத் தௌலாவின் துணைவி. அதனால் அந்தத் திவானின் வீட்டிலேயே சந்தா வளர்ந்தார். பெரிய நூலகம், நல்ல ஆசிரியர்கள், அரசியல் பேச்சு நடக்கும் கூடம் எல்லாம் சின்ன வயதிலேயே பழகிவிட்டது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். சந்தாவின் திறமை பெரியது, சந்தேகமில்லை. ஆனால் அந்தத் திறமைக்கு ஒரு வாசல் திறந்தது, அக்காவின் உறவால். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் கதை முழுசாகும்.

என்ன படித்தார்?

இசைக்கு குஷால் கான். தான்சேன் வழிவந்தவர் என்று அறியப்பட்ட உஸ்தாத். கவிதைக்கு ஷேர் முஹம்மது கான் ஈமான். இதோடு குதிரையேற்றம், வில்வித்தை, ஈட்டி எறிதல்.

கடைசி மூன்றும் அலங்காரத்துக்குக் கற்றது இல்லை. இரண்டாம் நிஜாமின் மூன்று படையெடுப்புகளில் ஆண் உடையில் அவர் கூடவே போனதாக வரலாற்றுக் குறிப்புகள் சொல்கின்றன. அரசவை நகரும்போது கலைஞர்களும் நகர்வது அந்தக் கால வழக்கம். ஆனால் வில்லோடு போன கலைஞர் என்ற பெயர் இவருக்குத்தான்.

'தவாயிஃப்' என்றால் யார்?

இந்தச் சொல்லைக் கேட்டதும் சினிமா காட்சிகள் கண்முன் வரலாம். கொஞ்சம் அதை ஒதுக்கி வையுங்கள்.

அந்தக் காலத்தில் தவாயிஃப் என்பது படித்த, பயிற்சி பெற்ற கலைஞரைக் குறித்தது. பாட்டு, நடனம், கவிதை, சபையில் பேசும் நாகரிகம் எல்லாம் அவர்களிடம் இருந்தது. பிரபுக்களின் பிள்ளைகள் அந்த நாகரிகத்தைக் கற்றுக்கொள்ள இவர்கள் வீட்டுக்குப் போவதும் உண்டு. நல்ல குடும்பத்துப் பெண் அந்தப்புரத்தில் இருந்தார், சொத்துக்கும் சொல்லுக்கும் ஆணைச் சார்ந்திருந்தார். தவாயிஃப் வெளியே வந்தார், சம்பாதித்தார், வாரிசாக மகளை நியமித்தார். அதற்கு அவர் கொடுத்த விலையும் உண்டு: திருமண மரியாதை கிடைக்காது, ஆதரவாளரின் மனம் மாறினால் வாழ்க்கையே மாறிவிடும்.

சந்தா கல்யாணமே செய்துகொள்ளவில்லை.

தர்பாரில் நாற்காலி

இரண்டாம் நிஜாம் அவருக்குக் கொடுத்த பட்டம்தான் மஹ் லகா. நிலவு முகத்தாள் என்று பொருள். அவர் வைத்துக்கொண்ட புனைபெயர் சந்தாவுக்கும் நிலவு என்றுதான் அர்த்தம். நிலவு இரண்டு தடவை வரும் பெயர்!

பட்டத்தோடு உமரா அந்தஸ்தும் வந்தது. உமரா என்றால் அரசவையின் உயர்ந்த பிரபுக்கள் வரிசை. அவர் வெளியே கிளம்பினால் 500 வீரர்கள் அணிவகுத்துப் போவார்கள் என்பது குறிப்பு. திவான் அரஸ்து ஜா, பின்னால் திவானான மீர் ஆலம் என்று அந்தக் கால ஹைதராபாத்தின் பெரிய தலைகள் எல்லாம் அவரை அறிந்தவர்கள், ஆதரித்தவர்கள். ஆட்சி மாறி 1803-ல் சிக்கந்தர் ஜா நிஜாமானபோதும் அவர் இடம் ஆட்டம் காணவில்லை. இது சின்ன விஷயம் இல்லை. ராஜா மாறினால் முதலில் காணாமல் போவது பழைய ராஜாவுக்குப் பிடித்தவர்கள்தான்.

நிலக் கணக்குக்கு வருவோம். அடிக்மெட் போன்ற ஜாகீர்கள் அவருக்குக் கிடைத்தன. ஜாகீர் என்பது நாம் இப்போது பத்திரம் பதிந்து வாங்கும் மனை மாதிரி இல்லை. அந்த நிலத்தின் வரி வருவாய் உங்களுக்கு, நிலத்தின் மேல் இறுதி அதிகாரம் அரசருக்கு. அரசர் கொடுத்ததை அரசர் எடுக்கலாம். அதனால் சந்தாவின் செல்வத்தை முழுச் சுதந்திரம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் வந்த பணத்தை எதற்குச் செலவழிப்பது என்று முடிவெடுத்தவர் அவரேதான்.

அதை எதில் போட்டார் தெரியுமா? புத்தகம், கட்டடம், ஆள் பயிற்சி. மூன்றுமே அவர் போன பிறகும் நிற்கக்கூடியவை.

125 கஜல், 625 ஈரடிகள்

1798-ல் அவர் தன் கவிதைகளைத் தொகுத்தார். 125 கஜல்கள். ஒவ்வொன்றிலும் சரியாக 5 ஈரடிகள். மொத்தம் 625.

கஜலுக்கு இத்தனை ஈரடி என்று கறாரான எண்ணிக்கை கிடையாது. கூடலாம், குறையலாம். இவர் மட்டும் ஏன் எல்லாவற்றிலும் 5? ஆய்வாளர்கள் இதை அவருடைய ஷியா நம்பிக்கையோடு இணைக்கிறார்கள். நபி, மகள் ஃபாத்திமா, மருமகன் அலி, பேரர்கள் ஹஸன், ஹுஸைன் என்ற ஐவர் ஷியா மரபில் மிகப் புனிதமானவர்கள். சந்தா அலியின் பெரிய பக்தை. காதல் கவிதை போலத் தொடங்கும் கஜல், கடைசி ஈரடியில் அலியிடம் போய் நிற்கும். புனைபெயரும் அந்தக் கடைசி ஈரடியில்தான் வரும். அதாவது ஒவ்வொரு கவிதையிலும் கையெழுத்து உண்டு. 125 கவிதை, 125 கையெழுத்து. பாட்டை யாரும் எடுத்துத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள முடியாது.

இன்னொரு சுவாரஸ்யம். உருது கஜலில் காதலிப்பவரும் ஆண்பால், காதலிக்கப்படுபவரும் ஆண்பால் என்பது இலக்கண மரபு. பெண் குரலில் எழுதும் வகையும் உண்டு, ஆனால் அதைப் பெரும்பாலும் எழுதியது ஆண்கள். சந்தா அந்தப் பக்கம் போகவில்லை. ஆண் கவிஞர்கள் எழுதிய அதே மரபில், அதே மொழியில் எழுதினார். சலுகை கேட்காமல் அதே ஆட்டக்களத்தில் இறங்கினார் என்று சொல்லலாம்.

உருதுவில் திவான், அதாவது முழுக் கவிதைத் தொகுப்பு, தந்த முதல் பெண் இவர்தான் என்று ரொம்ப நாள் சொல்லிவந்தார்கள். பின்னால் லுத்ஃபுன்னிஸா இம்தியாஸ் என்ற இன்னொரு தக்காணப் பெண்ணின் தொகுப்பு தெரியவந்தது. ஆண்டு 1797. ஒரே வருஷ வித்தியாசம். முதலிடம் போனால் என்ன? அடுத்தடுத்த வருஷங்களில் இரண்டு பெண்கள் தங்கள் கவிதைகளைத் தொகுத்து வைத்த நிலம் தக்காணம் என்பது அதைவிடப் பெரிய செய்தி.

1799: கைமாறிய ஒரு கையெழுத்துப் பிரதி

1799 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது, திப்பு சுல்தான் கொல்லப்பட்டார். அந்தப் போரில் கிழக்கிந்தியக் கம்பெனியோடு நின்ற நிஜாம் படையை நடத்தியவர் மீர் ஆலம். அதே வருஷம் அக்டோபர் 18. மீர் ஆலம் வீட்டில் விருந்து. விருந்தினர், கம்பெனி அதிகாரி கேப்டன் ஜான் மால்கம். ஆட்டத்தின் நாயகி மஹ் லகா பாய்.

ஆட்டத்துக்கு நடுவே அவர் தன் கவிதைப் பிரதியை மால்கமுக்குப் பரிசாகக் கொடுத்தார். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்க. வழக்கமாகப் பரிசு வருவது ஆடுபவருக்கு. இங்கே ஆடியவர் பரிசு கொடுக்கிறார். அதுவும் நகையோ சால்வையோ இல்லை, தான் எழுதிய புத்தகம். தென்னிந்தியாவில் அதிகாரம் யார் பக்கம் சாய்கிறது என்று அந்தச் சபையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். தன்னை ஆட்டக்காரியாக மட்டும் நினைத்துவிட்டுப் போகாதே என்று சொல்லும் செயல் அது என்று எடுத்துக்கொண்டால் தப்பில்லை.

மால்கம் பின்னாளில் பம்பாய் கவர்னர் ஆனார். அந்தப் பிரதி லண்டனுக்குப் போனது. இன்றைக்கு பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது.

தன் கதையைத் தானே எழுத வைத்தவர்

சந்தா ஒரு நூலகம் வைத்திருந்தார். அதோடு குலாம் ஹுஸைன் கான் ஜௌஹர் என்ற அறிஞருக்கு ஆதரவளித்து, தக்காணத்தின் வரலாற்றை எழுத வைத்தார். மஹ்நாமா என்று அதற்குப் பெயர். நிலவின் நூல். அவருடைய குடும்பக் கதையும் அதில் இடம்பெற்றது.

தரவு பார்ப்பவர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்கணும். கதாநாயகியே காசு கொடுத்து எழுத வைத்த வரலாற்றை எவ்வளவு நம்பலாம்? நியாயமான சந்தேகம்தான். 500 வீரர், ஆண் உடை, படையெடுப்பு போன்றவற்றைப் படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் ஒன்று. அந்தக் காலத்து அரசர்களின் வரலாறும் அரசர்கள் காசு கொடுத்து எழுத வைத்ததுதான். அவர்களுக்குப் பொருந்தும் அளவுகோல் இவருக்கும் பொருந்தட்டும். அதோடு, கவிதைப் பிரதியும் கல்லில் நிற்கும் கட்டடமும் தனி ஆதாரங்கள்.

300 பெண்கள் யார்?

300 பெண்களுக்கு அவர் பாட்டும் ஆட்டமும் சொல்லிக்கொடுத்தார் என்பது திரும்பத் திரும்ப வரும் எண். அந்தக் கலைக்கூடத்திலிருந்து வந்தவர்கள் ஹைதராபாத்தின் அடுத்த தலைமுறைக் கலைஞர்கள். வளர்ப்பு மகள்களும் இதே வழியில் வந்தவர்கள்தான்.

ஆனால் 300 என்ற எண் நின்றதே தவிர, அந்தப் பெண்களில் பெரும்பாலோரின் பெயர் நிற்கவில்லை. நட்சத்திரத்துக்குப் பின்னால் நிற்கும் குழு எப்போதும் இப்படித்தான் மங்கிப்போகிறது.

இதை நம் ஊரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜ சோழன் 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியேற்றிய கல்வெட்டு இருக்கிறது. ஒவ்வொருத்தர் பெயர், எந்தக் கோயிலிலிருந்து வந்தவர், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு, எல்லாம் உண்டு. ஒரு பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் கல்லில் வெட்டிய சம்பளப் பட்டியல் அது. சந்தாவின் 300 பேருக்கு அப்படி ஒரு பட்டியல் கிடைத்திருந்தால் அவருடைய கதையை இன்னும் நியாயமாகச் சொல்லியிருக்கலாம்.

அப்புறம் ஏன் மறந்தோம்?

சந்தா 1824-ல் இறந்தார். அதே வருஷம் 39 கஜல்கள் கொண்ட குல்ஜார் இ மஹ் லகா என்ற தொகுப்பு வெளியானது. சொத்தை ஆதரவற்ற பெண்களுக்கு எழுதி வைத்தார் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள்.

அடுத்த நூறு வருஷத்தில் காற்று மாறியது. 1864-ல் கம்பெனிக்குப் பின் வந்த பிரிட்டிஷ் அரசு, ராணுவ வீரர்களின் நோய்த் தடுப்பு என்ற பெயரில் பாலியல் தொழிலாளர்களைப் பதிவு செய்து மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்தும் சட்டம் கொண்டுவந்தது. பல இடங்களில் கலைஞர்களும் அந்த வலையில் சிக்கினார்கள். 1890-களில் மெட்ராஸ் மாகாணத்தில் சதிர் ஆட்டத்துக்கு எதிரான இயக்கம் சூடுபிடித்தது. அதில் உண்மையான சுரண்டலை எதிர்த்த குரலும் இருந்தது, கலைஞர்களையே அசிங்கமாகப் பார்த்த குரலும் இருந்தது. இரண்டும் ஒரே வெள்ளத்தில் கலந்துவிட்டன. தவாயிஃப் என்ற சொல் வசையானது. தமிழில் தேவரடியார் என்ற சொல்லுக்கு என்ன ஆனது என்று உங்களுக்கே தெரியும்.

சொல் கெட்டால் அந்தச் சொல்லுக்குள் இருந்த ஆட்களும் கெட்டவர்களாகிவிடுகிறார்கள். அவர்கள் எழுதியது இலக்கியப் பட்டியலில் வராது, கட்டியது பாரம்பரியப் பட்டியலில் வராது.

இதை எதிர்த்து நின்ற ஒருவர் நமக்கும் உண்டு. பெங்களூர் நாகரத்தினம்மாள். தஞ்சை மராட்டிய அரசவையில் 18-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த முத்துபழனி என்ற பெண் கவிஞரின் தெலுங்குக் காவியத்தை 1910-ல் முழுசாகப் பதிப்பித்தார். ஆபாசம் என்று சொல்லி அரசு தடை போட்டது. அதே நாகரத்தினம்மாள்தான் தன் சம்பாத்தியத்தைப் போட்டு திருவையாற்றில் தியாகராஜர் சமாதிக்கு மண்டபம் எழுப்பினார். சம்பாதித்த பணம், கட்டிய கட்டடம், காப்பாற்றிய புத்தகம். சந்தாவின் அதே மூன்று.

இப்போது எங்கே பார்க்கலாம்?

ஹைதராபாத்தின் வடகிழக்கில் மௌலா அலி குன்று இருக்கிறது. உச்சியில் அலியின் பெயரால் தர்கா. அடிவாரத்தில் சுற்றுச்சுவர் போட்ட தோட்டம். 1792-ல் அம்மா ராஜ் குன்வருக்காக சந்தா கட்டிய கல்லறை அங்கேதான். பிறகு அவரையும் அம்மா பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள். நாலு பாகமாகப் பிரிந்த தோட்டம், மசூதி, கிணறு எல்லாம் உண்டு. பல வருஷம் புதர் மண்டிக் கிடந்த இடத்தை 2010-11 வாக்கில் அமெரிக்க அரசின் நிதி உதவியோடு புதுப்பித்தார்கள்.

உஸ்மானியா வளாகப் பக்கம் அவர் பெயரைச் சொல்லும் பழைய படிக்கிணறும் இருக்கிறது.

திரும்ப அந்தக் கேள்விக்கே வருவோம். ஷிரெல்ஸ் குழுவுக்கு ஒப்பந்தம் இருந்தது, சட்டம் இருந்தது, நீதிமன்றம் இருந்தது. சம்பாதித்தது கைக்கு வரவில்லை. சந்தாவுக்கு இவை எதுவும் இல்லை. அரசரின் தயவு மட்டும்தான் இருந்தது. அது என்றைக்கும் நிலைக்காது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். பாட்டி கைவிடப்பட்ட கதையைக் கேட்டு வளர்ந்தவர் இல்லையா? அதனால்தான் தயவாக வந்ததைப் புத்தகமாக, கட்டடமாக, 300 பேரின் தொழிலாக மாற்றிக்கொண்டே இருந்தார்.

அவர் எழுதியது லண்டனில் இருக்கிறது. கட்டியது மௌலா அலியில் இருக்கிறது. ஜாகீரில் இன்றைக்கு ஆயிரக்கணக்கான பெண்கள் பட்டம் படிக்கிறார்கள். அடுத்த தடவை தார்நாகா ஸ்டேஷன் அறிவிப்பு வரும்போது, பக்கத்தில் இருப்பவரிடம் இந்த நிலம் யாருடைய ஜாகீர் தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள்.